இடது ஓரத்து ஆள்

பார்த்தீர்களா அநியாயத்தை? நான் டிக்கெட் கேட்டது வழியில் இருக்கிற ஆவரங்குளம் விலக்குக்கு. கண்டக்டர் மிஷினில் அடித்துக் கொடுத்திருப்பது சங்கரன்கோவில். ஏனப்பா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பின்னால் போகிறான். ஒரு காலத்தில் இதே கோவில்பட்டியில் நான் கையைத் தூக்கினால் ஒரு வண்டி நகராது. சரி, போகட்டும். அவனும் தொழிலாளி. தொழிலாளியோடு சண்டை பிடிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். கொள்கைகள் நிறைய வைத்திருக்கிறேன்.

நீங்கள் சங்கரன்கோவில்தானே? மருந்துக் கம்பெனியா. சாயங்காலம் இதே வண்டியில் திரும்பிவிடுவீர்களா. நல்லது. காலை நீட்டி உட்காருங்கள், இந்த மஞ்சள் பை இடிக்காது. உள்ளே இருப்பது ஒரு கோப்பை. பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியது. முலாம் போய்விட்டது, பித்தளை இருக்கிறது. கபடிக் கோப்பை.

நான் விளையாடியதில்லை. என் தோளைப் பார்த்தாலே தெரியுமே. நான் ஆட வைத்தவன். கனகவேல் மில் என்று ஒன்று இருந்தது. உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்காது, இப்போது அங்கே கல்யாண மண்டபம். அந்த மில்லில் பதினேழு வருஷம் சங்கச் செயலாளர். அணைந்தபெருமாள். தோழர் அணைந்தபெருமாள் என்றால் அந்தக் காலத்துப் போலீஸ்காரர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றதெல்லாம் துண்டறிக்கையிலும் பதினைந்து பைசா வெளியீடுகளிலும் படித்தேன். படித்ததை மறந்ததில்லை. இப்போது எம்.ஏ. படித்தவர்கள் மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மில்லின் ஆண்டு விழாவுக்குக் கபடிப் போட்டி நடக்கும். ஆபீஸ் அணி ஒன்று, ஒவ்வொரு பகுதித் தொழிலாளர்களுக்கும் ஒரு அணி. ஒவ்வொரு வருஷமும் ஆபீஸ் அணிதான் ஜெயிக்கும். முதலாளி அதற்கென்றே தேவசகாயம் என்று ஒருவனை நாசரேத் பக்கமிருந்து கூட்டி வந்து டைம் ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார். ஆறடி. அவன் கபடி பாடிக்கொண்டு வந்தால் நம் ஆட்கள் சுவரோடு ஒட்டுவார்கள். விளையாட்டில் ஒட்டினவன் நாளைக்குக் கோரிக்கை வைக்கும்போதும் ஒட்டுவான். இதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். செயற்குழுவில் சொன்னேன். "தோழர், கபடியிலுமா?" என்று கேட்டார்கள். "கபடியில்தான்" என்றேன். எல்லாப் பகுதியையும் சேர்த்து ஒரே அணி. ஒரே கொடி.

வியூகத்தை நான் வகுத்தேன். முற்றுகை பற்றி ஆறு பக்கத்தில் ஒரு வெளியீடு இருந்தது என்னிடம். எதிரியைத் தடுக்காதே, உள்ளே வரவிடு, திரும்பும் வழியை அடைத்துவிடு. இதை அப்படியே களத்தில் வைத்தேன். தேவசகாயம் வரும்போது ஆறு பேர் வலது பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். இடது ஓரத்தில் ஒருத்தன் மட்டும் தனியாக, ஏமாந்தவன் மாதிரி நிற்பான். தேவசகாயம் சுலபமாகத் தொடலாமென்று அவனிடம் போவான். தொட்டதும் இவன் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிடியை விடக்கூடாது. அதற்குள் மற்ற ஆறு பேரும் கை கோத்து வந்து நடுக்கோட்டுக்கும் அவனுக்கும் நடுவில் விழுவார்கள். அவ்வளவுதான். மைதானத்தில் சாக்பீஸ் இல்லை, செங்கல் துண்டால் கீறிக் காட்டினேன். முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் ஒருத்தன், "தோழர், கூட்டம் முடிஞ்சிட்டுன்னா ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்றான். சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்கள் பிறகு ஜெயித்தார்கள்.

இடது ஓரத்துக்கு யார் நிற்பது? அதுதான் கேள்வி. அந்த இடத்தில் நிற்கிறவன் மேல் ஒவ்வொரு தடவையும் ஏழு பேருடைய பாரம் விழும். நிரந்தரத் தொழிலாளி எவனும் தயாராக இல்லை. அடிபட்டால் லீவு, சம்பளம், பெண்டாட்டி. அப்போதுதான் கொம்பையா வந்தான்.

கொம்பையா பதிலி. பதிலி என்றால் தெரியுமா? யாராவது வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் அன்றைக்கு மட்டும் ஏற்றுவார்கள். காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு. இருபத்திரண்டு வயது, ஆவரங்குளத்துக்காரன். கண் எப்போதும் எதிராளியின் பாதத்தில்தான் இருக்கும். முகத்தைப் பார்க்கவே மாட்டான். மில்லில் எல்லாரும் என்னைத் தோழர் என்பார்கள், அவன் மட்டும் அண்ணாச்சி என்பான். "அண்ணாச்சி மளிகைக்கடையில இருப்பாரு, இங்க தோழர்தான்" என்று எத்தனை தடவை திருத்தினேன். "சரி அண்ணாச்சி" என்பான்.

ஒரு சிக்கல். போட்டியில் நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான் ஆடலாம். அதற்கும் வழி கண்டேன். பால்வண்ணம் என்று நூற்புப் பகுதியில் ஒருத்தன், மூலவியாதிக்காரன். அவன் பெயரைக் கொடுத்து, கொம்பையாவை இறக்கினோம். பதிலிகள் அடுத்தவன் கார்டில் வேலை பார்ப்பது மில்லில் வழக்கம்தான். அடுத்தவன் பெயரில் ஆடினால் என்ன? கொம்பையாவும் மறுக்கவில்லை. "எம் பேர்ல எவன் வேலை குடுத்தான், விளையாட்டு குடுக்க" என்று சிரித்தான்.

ஒன்று மட்டும் கேட்டான். "அண்ணாச்சி, நான் பிடிச்சுக்கிடுதேன். அவன் என்ன மிதிச்சாலும் விடமாட்டேன். பொறவு எல்லாரும் வந்துருவாவள்லா?"

"நீ பிடி. நாங்க வாரோம்" என்றேன்.

நானா போய் விழப்போகிறேன்? ஆனாலும் நாங்கள் என்றுதான் சொன்னேன். சங்கத்தில் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

அந்த வருஷம் பக்கத்து மில் அணிகளையும் கூப்பிட்டிருந்தார்கள், மூன்று ஆட்டம் ஜெயித்தோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் பிடித்தான், இவர்கள் போய் விழுந்தார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவன் இடது முழங்கால் வீங்கியிருக்கும். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் கேட்டில் நிற்பான். காலைப் பார்த்துவிட்டு அவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன்.

இறுதி ஆட்டம். ஆபீஸ் அணியோடு. முதலாளி குடும்பத்தோடு நாற்காலியில். ஆயிரம் பேர் சுற்றி நிற்கிறார்கள். கடைசி நிமிஷத்தில் நமக்கு இருபத்து நாலு, அவர்களுக்கு இருபத்திரண்டு. கடைசியாகப் பாட வருகிறவன் தேவசகாயம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கபடி தெரியாதவர்களுக்கு இது விளங்காது. பாடி வருகிறவனை மடக்கிவிட்டால் நமக்கு ஒரு புள்ளி. அவன் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவன் மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட். ஒருத்தன் கை வைத்திருந்தால் ஒரு புள்ளி போகும். நாலு பேர் கை வைத்திருந்தால் நாலு போகும். விளங்குகிறதா?

தேவசகாயம் வந்தான். நேராக இடது ஓரத்துக்குப் போனான். தொட்டான். கொம்பையா பாய்ந்து பிடித்துவிட்டான். ஆனால் நம் ஆட்கள் ஒரு நொடி பிந்திவிட்டார்கள். தேவசகாயம் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். கோட்டுக்கு இரண்டு கை தூரம். நம் ஆட்கள் மூன்று பேர் ஓரடி தள்ளி நிற்கிறார்கள், பாயத் தயாராக.

நான் கணக்குப் போட்டேன். இவர்கள் பாய்ந்து, அவன் கோட்டைத் தொட்டுவிட்டால் நாலு புள்ளி. தோல்வி. இவர்கள் பாயாவிட்டால், கொம்பையா மட்டும் அவுட். ஒரு புள்ளி. இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று. வெற்றி. கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் போட்ட கணக்கு. சரியான கணக்கு. இன்றைக்கு டி.வி.யில் கோட்டு போட்ட பயிற்சியாளர்களைக் காட்டுகிறார்களே, அவர்களிடம் கேளுங்கள், அதைத்தான் சொல்வார்கள்.

என் குரல் மைக் இல்லாமலே மில் கேட்டைத் தாண்டிக் கேட்கும். கத்தினேன். "எவனும் தொடாதே! பால்வண்ணம் போனாப் போறான்! எவனும் தொடாதே!"

நடுவர் பக்கத்தில் நின்றார், அதனால் பால்வண்ணம் என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அது ஞாபகம் இருந்தது பாருங்கள்.

மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். கட்டுப்பாடு. நான் கற்றுக்கொடுத்த கட்டுப்பாடு. கொம்பையாவும் கேட்டான். பாதத்தை விட்டு எங்கேயும் பார்க்காதவன், முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாய் நிறைய மண். பிடியை விடவில்லை. தேவசகாயம் அவன் முழங்கால் மேல் காலை ஊன்றித் தாண்டினான். ஒரு சத்தம் கேட்டது. அதை எதோடும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள்.

நீங்கள் நினைக்கலாம், அந்த மூன்று பேரை நிறுத்தியதற்காகத்தான் நான் வெட்கப்படுகிறேன் என்று. அதற்கில்லை. அது வியூகம். இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள்.

தேவசகாயம் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாலே அந்த ஒரு புள்ளி போய்விடும். இவர்களை நிறுத்துவதென்று நான் முடிவு செய்த பிறகு, கொம்பையா பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. விட்டாலும் ஒரு புள்ளிதான், விடாவிட்டாலும் ஒரு புள்ளிதான். "விட்டுருலே" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மற்றவர்களுக்குக் கத்தின வாய்தானே. அவனுக்கும் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஏன்? ஒருவேளை அவன் ஒருத்தனே மடக்கிவிட்டால்? ஒருத்தனையே வைத்து ஒரு புள்ளி கூடக் கிடைத்துவிட்டால்? அந்த ஆசை. இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு என்றால் பார்க்க இன்னும் நன்றாக இருக்குமே என்கிற ஆசை. முப்பத்தெட்டு வருஷமாக என் தொண்டையில் அந்த ஒரு வார்த்தைதான் நிற்கிறது. எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஜெயிலில்கூடப் பேசியிருக்கிறேன். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று எழுதச் சொன்னேன். கபடி என்று எழுதினால் பால்வண்ணம் விஷயம் வெளியே வரும், கோப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் நஷ்டஈடும் கேட்க முடியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்டுக் கிடந்தான்.

"ஜெயிச்சாச்சா அண்ணாச்சி?"

"ஜெயிச்சாச்சு."

"எத்தனைல?"

"ஒண்ணுல."

"அப்பம் நீங்க போட்ட கணக்கு சரிதான் அண்ணாச்சி" என்றான். கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கிண்டலுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

மோர் இருக்கிறது, குடிக்கிறீர்களா? வேண்டாமா. சரி.

அந்த ஆட்டம் வீண் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தொழிலாளிக்குப் பயம் தெளிந்தது. மூன்றாவது மாதம் வேலைநிறுத்தம் தொடங்கினோம். அறுபத்திரண்டு நாள். ஜில்லாவே பார்த்தது. முதல் கோரிக்கை, பதிலிகளை நிரந்தரமாக்கு. என் கையால் எழுதினேன். பதிலிகள் நாற்பத்தோரு பேர். ஒருத்தன் விடாமல் கேட்டில் வந்து உட்கார்ந்தார்கள். நிரந்தரத்துக்காவது வீட்டில் நாலு பாத்திரம் இருக்கும், அடகு வைப்பான். இவர்களுக்கு அதுவும் இல்லை. சிலர் சிவகாசிப் பக்கம் போய் வேலை தேடலாமா என்று கேட்டார்கள். "இருங்கப்பா, உங்களுக்காகத்தானே இது" என்றேன். கேட்டில் தலை எண்ணிக்கை வேண்டுமே. கொம்பையா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தினம் வந்தான். அறுபத்திரண்டு நாளும்.

ஒப்பந்தத்தில் பதிலித் தொழிலாளர் பிரச்சினை பின்னர் பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரி. அது வேறு விஷயம். அதைக் கபடியோடு சேர்க்காதீர்கள். சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அரசியல் தெரியாது. அறுநூற்றுப் பத்துப் பேர் வேலைக்குத் திரும்பினார்கள், நாற்பத்தோரு பேர் திரும்பவில்லை. எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாரும் வெளியே போயிருப்பார்கள். இது சின்னப் பையன் போடுகிற கணக்கு. செயற்குழு முடிவு. நான் கையெழுத்துதான் போட்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட்டில் கொம்பையா நின்றான். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன்.

"நாங்க எத்தனை பேரு?"

"நாப்பத்தொண்ணு."

கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டான். "கணக்கு சரிதான், தோழர்" என்றான்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைத் தோழர் என்றான். எத்தனை தடவை திருத்தியும் வராத வார்த்தை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அது ஏன் அப்படிக் குத்தியது என்று இன்றுவரை விளங்கவில்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் சங்க ஆபீசைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சங்கம் என்ன சங்கம், நானும் ஒரு பீரோவும்தான். பீரோவுக்குப் பின்னால் இந்தக் கோப்பை கிடந்தது. அடிப்பாகத்தில் ஏழு பெயர் வெட்டியிருக்கிறது. ஏழாவது பெயர் பால்வண்ணம். ஒரு நாளும் கோட்டுக்குள் கால் வைக்காதவன். பாத்திரக் கடைக்கு எடுத்துப் போய், அதன் கீழே கொம்பையா என்று வெட்டச் சொன்னேன். வெட்டுகிறவன், "என்ன விசேஷம் ஐயா, கல்யாணமா காதுகுத்தா?" என்றான். "பெயர் சூட்டு விழா" என்றேன். நானும் தமாஷ் பேசுவேன்.

ஆவரங்குளம் விலக்கில் கொம்பையா டீக்கடை வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். கொண்டுபோய்க் கையில் கொடுப்பது. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குச் சொல்லாமல் போனேனப்பா என்று சொல்வது. அதற்குத்தான் இந்தப் பயணம்.

இதோ வந்துவிட்டது. வண்டி வேகம் குறைகிறது பாருங்கள். இடது பக்கம், தகரக் கொட்டகை. நீல லுங்கி கட்டி டீ ஆற்றுகிறானே, அவன்தான். முடியெல்லாம் கொட்டிவிட்டது. நிற்கிறதைக் கவனியுங்கள், இடது காலில் பாரமே போடவில்லை.

எங்கே வருகிறான்? டிரைவருக்கு டீ கொண்டுவருகிறான். இந்தப் பக்கமாகத்தான் வருகிறான். ஐயா, நீங்கள் கொஞ்சம் முன்னால் சாயுங்கள். இன்னும் கொஞ்சம். தோளை இப்படித் திருப்புங்கள். போதும், போதும், மறைத்துவிட்டது. அப்படியே இருங்கள். நொண்டுகிறானா? சொல்லுங்கள், நான் பார்க்கவில்லை. ரொம்பவா?

என்ன கண்டக்டர்? இல்லையப்பா, இன்றைக்கு இறங்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கிறது. ரெண்டு பேர் இருந்தாலும் கூட்டம்தான்.

கேட்டீர்களா அவன் சொன்னதை? "பெரியவரே, இது நாலாவது வியாழக்கெழமை. இப்படித்தான் சொல்லுவியன்னு தெரிஞ்சுதான் மொதல்லயே சங்கரன்கோவிலுக்கு அடிச்சேன்." சிறிசு, விட்டுத்தள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு என்னமோ சொன்னானே. டீக்கடைக்காரர் கேட்டாராம். "மஞ்சப்பைக்காரரு உள்ளதான் இருக்காரான்னு ஒவ்வொரு வாரமும் கேக்காரு. கூப்பிடட்டுமான்னேன். வேண்டாம், அவரா எறங்கட்டும், நான் இங்கதான இருக்கேன்னுட்டாரு."

விசில் அடித்துவிட்டான். போகட்டும். நீங்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

தெரிந்திருக்கிறது அவனுக்கு. நாலு வாரமாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் பிடியை விடவில்லை அவன்.

ஒன்று செய்யலாம். நான் யோசித்துவிட்டேன். நீங்கள் சாயங்காலம் இதே வண்டியில் திரும்புகிறீர்கள். நானும் திரும்புகிறேன். விலக்கில் நீங்கள் முதலில் இறங்குங்கள். அவனுக்கு உங்களைத் தெரியாது, உங்கள் மேல் கோபம் வர வழியில்லை. ஒரு டீ சொல்லுங்கள். கோப்பையை மேஜை மேல் வையுங்கள். பேச்சை நீங்கள் தொடங்குங்கள். அவன் முகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு நான் பின்னாலேயே இறங்கி வந்துவிடுகிறேன். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு டீ.

ஏன் கையை எடுத்துக்கொள்கிறீர்கள்? கனமாக இருக்காது, உள்ளே காலிக் கோப்பைதான். இந்தப் பையைப் பிடியுங்கள் ஐயா. நீங்கள் பிடியுங்கள். நான் வருகிறேன்.